பழைய வின்செஸ்டர் வாங்கப் போகிறவர்களுக்கு: ஒரு ரைபிளோடு நான் பட்ட பாடு

அமெரிக்காவில் பழைய லீவர் ஆக்‌ஷன் ரைபிள்களைத் தேடி வாங்கி, சீர்செய்து வைத்துக்கொள்வது பல்லாயிரம் பேருக்குப் பொழுதுபோக்கு. இங்கே குடியேறிய நம்மவர்களிலும் சிலருக்கு அந்த ஆசை வந்திருக்கிறது. ஹூஸ்டனில் எனக்குத் தெரிந்தவர்களே அடிக்கடி கேட்கிறார்கள். ஆனால் தமிழில் இதைப் பற்றி யாரும் விவரமாக எழுதி நான் படித்ததில்லை. வின்செஸ்டர் என்ற பழைய அமெரிக்க நிறுவனத்தின் ரைபிள் ஒன்றை நான் முதன்முதலில் வாங்கும்போது கேட்க ஆள் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அலைந்து, கிட்டத்தட்ட ஆயிரத்து எழுநூறு டாலர் இழந்து, பல இரவுகள் தூக்கம் கெட்ட பிறகுதான் இதில் எங்கெல்லாம் குழி இருக்கிறது என்று தெரிந்தது. அடுத்தவருக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூர்க்காரன். மோட்டார் பம்பு பட்டறைகளுக்கு நடுவில் வளர்ந்தவன், படிப்பும் வேலையும் இயந்திரவியல். அதனால் துப்பாக்கி என்பதைவிட அதன் உள்ளே இருக்கும் வேலைப்பாடுதான் என்னை இழுத்தது. விசைக்குக் கீழே வளையம் போல இருக்கும் லீவரைக் கீழே தள்ளினால், போல்ட் என்ற அடைப்புக்கட்டை பின்னால் போய், சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே எறிந்து, தோட்டாவைச் சுடத் தட்டும் ஹேமரையும் மடக்கி வைக்கிறது. லீவரை மேலே இழுத்தால் குழலுக்கு அடியில் உள்ள நீளக் குழாயிலிருந்து அடுத்த தோட்டா ஏறி, அறைக்குள் போய், பின்னால் தடுப்புக்கட்டை எழுந்து பூட்டிக்கொள்கிறது. கை ஒருமுறை போய்வரும் நேரத்தில் இத்தனையும் நடந்துவிடும். வின்செஸ்டர் மாடல் 1894 என்ற ரைபிளை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரௌனிங். முதலில் 32-40, 38-55 என்ற கருமருந்துத் தோட்டாக்களுக்காக வந்தது, அடுத்த வருஷமே புகையில்லா மருந்து போட்ட 30-30 வந்துவிட்டது. வின்செஸ்டரின் நியூ ஹேவன் ஆலை 2006-இல் மூடப்படும்வரை எழுபது லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், கையால் அரம் போட்டுப் பொருத்திய இணைப்புகள் நூறு வருஷம் கழித்தும் ஆட்டமில்லாமல் ஓடுவதைப் பார்த்தால் பட்டறை வாசம் பிடித்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது.

சரி, வாங்குவதற்கு முன்னால் முக்கியமான விஷயம் விசா. எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற குடியேற்றமில்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் ஏதாவது ஒரு மாநிலத்தில் எடுத்திருந்தால் விதிவிலக்கு உண்டு. இது பலருக்குத் தெரியாது. வார இறுதியில் அலுவலக நண்பர்களோடு சுடும் மைதானத்துக்குப் போய், வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் சட்டத்தின் கண்ணில் வைத்திருப்பதுதான். குற்றம் நிரூபணமானால் நாடுகடத்தல் வரை போகலாம். நான் பச்சை அட்டை, அதாவது நிரந்தரமாகக் குடியிருக்கும் அனுமதி, கைக்கு வரும்வரை ஒன்றையும் தொடவில்லை. அந்த அனுமதி பெற்றவர்கள் வாங்கலாம், ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் உண்டு. சந்தேகம் இருந்தால் நண்பரைக் கேட்காதீர்கள், குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணம் இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் செய்யும் ஆக நல்ல செலவாக இருக்கும்.

அடுத்தது வருஷக் கணக்கு. 1898-லோ அதற்கு முன்போ செய்யப்பட்ட துப்பாக்கி கூட்டாட்சிச் சட்டப்படி பழம்பொருள். கடைக்காரர் வழியாக வர வேண்டும், பின்னணிச் சோதனை வேண்டும் என்ற விதிகள் அதற்குப் பொருந்தாது. 1899-இல் செய்திருந்தால் அது சாதாரணத் துப்பாக்கிதான். அதனால் விற்பவர்கள் ‘1898’ என்று எழுதுவதில் ஆர்வமாக இருப்பார்கள், விலையும் கூடும். வரிசை எண்ணை வைத்து வருஷம் சொல்லும் பட்டியல்கள் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. வெகுகாலமாகப் புத்தகங்களில் வந்த பட்டியலும் ஆலையின் பாலிஷ் அறைப் பதிவேட்டிலிருந்து எடுத்த பட்டியலும் மாடல் 1894-க்கு ஒத்துப்போவதில்லை. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் எண் என்றால் சாதாரணத் துப்பாக்கியாகவே நினைத்து, முறைப்படி கடை வழியாக வாங்குங்கள். இது தவிர ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்றே ஒரு உரிமம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முப்பது டாலர்தான். அது இருந்தால் வெளிமாநிலத்திலிருந்து நேராக வீட்டுக்கே வரவழைக்கலாம், ஒரு பதிவேடு மட்டும் ஒழுங்காக எழுதிவர வேண்டும். நான் அதை வாங்கியது எல்லாம் முடிந்த பிறகு. முதலிலேயே இருந்திருந்தால் கீழே சொல்லப்போகும் கதையில் பாதி நடந்திருக்காது.

நான் எடுத்தது இணைய ஏலத்தில் வந்த மாடல் 1894. முப்பது காலிபர் (குழலின் உள் அளவு), வட்டக் குழல், எண்ணின்படி 1902-ஐ ஒட்டிய தயாரிப்பு. ‘எல்லாம் ஆலையில் செய்தபடியே இருக்கிறது, வயதுக்கேற்ற தேய்மானம் மட்டும்’ என்று விவரத்தில் போட்டிருந்தார்கள். படங்கள் எட்டோ பத்தோ. குழலின் உட்புறம் எப்படி என்று கேட்டேன், குண்டைச் சுழல வைக்கும் சுருள் வரிகள் தெளிவாக இருக்கின்றன என்று பதில் வந்தது. 1,850 டாலருக்கு முடிந்தது. அனுப்பும் செலவு 60, இங்கே என் பெயருக்கு மாற்றித் தரும் கடைக்கு 35. விற்றவர் வேறொரு மாநிலத்தில் இருந்ததால் அவர் நேராக எனக்கு அனுப்ப முடியாது. ஹூஸ்டனில் உரிமம் உள்ள கடைக்கு அனுப்பி, அங்கே துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய படிவம் 4473 எழுதி, எஃப்.பி.ஐ. சோதனை முடிந்துதான் என் கைக்கு வரும்.

அந்தப் படிவத்தில்தான் நம்ம ஊர்ப் பெயர் வந்து நின்றது. எனக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதலெழுத்துதான். பாஸ்போர்ட் எடுக்கும்போது அது அப்பாவின் முழுப்பெயராக விரிந்தது, பச்சை அட்டையில் முன்பின்னாக மாறியது, டெக்சஸ் ஓட்டுநர் உரிமத்தில் நடுப்பெயர் என்று ஒன்று முளைத்தது. படிவத்தில் நடுப்பெயர் இல்லை என்றால் அப்படி ஒரு குறி போட வேண்டும், வெறும் முதலெழுத்து என்றால் அதற்கு வேறொரு குறி. கடையில் இருந்தவருக்கு இந்த மாதிரிப் பெயர் புதிது. குடிமகன் அல்லாதவர்களுக்குக் குடிவரவுத் துறைப் பதிவிலும் தேடுவார்கள். ‘தாமதம்’ என்று பதில் வந்தது. மூன்று வேலை நாள் கழித்தும் மறுப்பு வராவிட்டால் கொடுத்துவிடலாம் என்று சட்டம் சொன்னாலும், கொடுத்தே ஆக வேண்டும் என்று இல்லை. அந்தக் கடையின் வழக்கம், தெளிவான பதில் வரும்வரை கொடுப்பதில்லை. கிட்டத்தட்ட மூன்று வாரம் ரைபிள் அவர்கள் அலமாரியில் கிடந்தது. குற்றவாளி மாதிரி கவுண்டரில் நின்ற அந்த மதியத்தின் அவமானம் இன்னும் எனக்குள் இருக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஓட்டுநர் உரிமம், பச்சை அட்டை, பாஸ்போர்ட் மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து, முடிந்தால் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். உரிமத்தில் இருக்கும் முகவரி இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். ஒருமுறை தாமதம் வந்தவர்கள் எஃப்.பி.ஐ.யிடம் கைரேகையோடு விண்ணப்பித்து யூபின் என்ற தனி எண் வாங்கலாம். அடுத்தடுத்த படிவங்களில் அந்த எண்ணை எழுதினால் யாரோ ஒருவரோடு நம் பெயரைக் குழப்பிக்கொள்வது குறையும். எனக்கு அந்த எண் வந்த பிறகு ஒருமுறைகூடத் தாமதம் இல்லை.

தாமதம் வெறும் காத்திருப்பு என்றால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பணம் போனது அங்கேதான். இணைய ஏலத்தில் வாங்கினால் பார்வையிட மூன்று நாள் அவகாசம் தருவது பொதுவான வழக்கம். பிடிக்காவிட்டால் திருப்பலாம். ஆனால் அந்த மூன்று நாள், கடைக்குப் பெட்டி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஓடுகிறது, நம் கைக்கு வந்ததிலிருந்து அல்ல. படிவம் முடிந்து நம் பெயருக்கு மாறிவிட்டாலோ அது நம் தலையில் விழுந்த மாதிரிதான், திருப்பும் பேச்சே கிடையாது. கவுண்டரில் கண்ணாடிக்கு மேல் வைத்துப் பார்க்கலாம், லீவரை அசைக்கலாம், ஆனால் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற விடமாட்டார்கள். மேலோட்டமாக எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சோதனை முடிந்து வீட்டுக்குக் கொண்டுவரும்போது விற்றவரின் அவகாசம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது.

வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோது குழலின் மேல், ரிசீவரை (லீவர், போல்ட் எல்லாம் பொருந்தியிருக்கும் இரும்புக் கூடு) ஒட்டி ஒரு சின்ன முட்டைவடிவக் குறி. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக டபிள்யூ, பி எழுத்துகள். வின்செஸ்டரின் சோதனை முத்திரை அது. அதை அவர்கள் போட ஆரம்பித்தது 1905-இல். 1902-ஐச் சேர்ந்த ரைபிளில் அது இருக்கக் கூடாது. வயிற்றைக் கலக்கியது. குழலுக்கு அடியில் இருக்கும் மர முன்கட்டையைக் கழற்றினேன். குழல் உட்காரும் பள்ளம் அரைவட்டமாக இல்லாமல் பட்டை பட்டையாகச் சீவியிருந்தது. எண்பட்டைக் குழலுக்குச் செய்த கட்டை அது. வட்டக் குழலை அதில் உட்காரவைக்க இரண்டு பக்கமும் பழுப்பு நிறப் பசையை ஊற்றியிருந்தார்கள். அதில் யாருடைய விரல்ரேகையோ அப்படியே உறைந்திருந்தது.

உறுதிப்படுத்த வயோமிங் மாநிலத்தின் கோடி நகரத்துக்கு எழுதினேன். அங்கே பஃபலோ பில் சென்டர் ஆஃப் தி வெஸ்ட் வளாகத்தில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் கட்டி வரிசை எண்ணைக் கொடுத்தால், அந்த ரைபிள் ஆலையை விட்டு எப்படிப் போனது என்று கடிதம் தருவார்கள். மாடல் 1894-க்கு ஏறக்குறைய மூன்றரை லட்சமாவது எண் வரைதான் பதிவு இருக்கிறது, என்னுடையது அதற்குள் வந்தது. கடிதத்தில் 38-55, எண்பட்டைக் குழல் என்று தெளிவாக இருந்தது. பிற்காலத்தில் யாரோ 30-30 குழலை மாற்றியிருக்கிறார்கள். 30-30 தோட்டாவே 38-55-இன் கூட்டைக் குறுக்கிச் செய்ததுதான், அதனால் இந்த மாற்றம் எளிது. பழைய நாட்களில் வேட்டைக்காரர்கள் சர்வசாதாரணமாகச் செய்துகொண்டதாம். அதில் தப்பில்லை. ஆலையில் செய்தபடியே இருக்கிறது என்று சொல்லி விற்றதுதான் தப்பு. விற்றவருக்குக் கடிதத்தின் நகலை அனுப்பினேன். அவகாசம் முடிந்துவிட்டது என்று ஒரே வரி. ஏல நிறுவனமும் அதையே சொன்னது.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சில படங்களை வற்புறுத்திக் கேளுங்கள். குழலும் ரிசீவரும் சேரும் இடத்தை மேலிருந்து எடுத்த படம். ரிசீவரின் அடியில் இருக்கும் வரிசை எண். எல்லா ஸ்க்ரூ தலைகளும். கட்டையும் இரும்பும் சேரும் விளிம்பு. ஆலையில் செய்தபோது கட்டை இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாக நிற்கும். கட்டை தாழ்ந்து இரும்பு துருத்திக்கொண்டிருந்தால் யாரோ உப்புத்தாள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். இரும்பில் மூலைகள் மழுங்கி, ஸ்க்ரூ துளையின் ஓரம் தட்டு மாதிரிக் குழிந்து, பொறித்த எழுத்துகள் மங்கியிருந்தால் பஃப் சக்கரத்தில் வைத்து மெருகேற்றிப் புதிதாகக் கறுப்புப் பூச்சு ஏற்றியது. பளபளப்பாக இருக்கும், ஆனால் சேகரிப்பவர்கள் அதற்குப் பாதி விலைகூடத் தரமாட்டார்கள். நேர்மையாகத் தேய்ந்து சாம்பல் நிறமான ரைபிளுக்கு அதைவிட மதிப்பு அதிகம். குழலின் உட்புறத்துக்கும் படம் வேண்டும். அந்தக் காலத்துப் பிரைமர்களின் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) மிச்சம் ஈரத்தை இழுத்து உள்ளே குழி குழியாக அரித்துவிடும், அதற்கு மருந்து இல்லை. எழுத்தில் ‘திருப்பும் அவகாசம் எனக்குக் கைமாறும் நாளிலிருந்து’ என்று ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் நான் இப்போது வாங்குவதில்லை.

சுடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். பழைய ரைபிளை வாங்கிய கையோடு மைதானத்துக்கு எடுத்துப் போகவே கூடாது. தோட்டா உட்கார்ந்த பின் போல்ட்டுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளவுக்கட்டை போட்டுத் தகுதியான ஒருவர் பார்க்க வேண்டும். என் விஷயத்தில் குழல் மாறியிருந்ததால் இது இன்னும் அவசியமாகிவிட்டது. குழலில் எழுதியிருக்கும் காலிபரையும் நம்ப முடியாது. மென்மையான ஈயக் குண்டை எண்ணெய் தடவி உள்ளே தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்தால் குழலின் உண்மையான அளவு தெரியும். அறையின் வடிவத்துக்கு, கொதிநீருக்கும் குறைந்த சூட்டிலேயே உருகும் செர்ரோசேஃப் என்ற உலோகத்தை வார்த்து எடுப்பார்கள். ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் அறையின் அளவை அப்படியே காட்டும். தோட்டா விஷயத்திலும் கவனம் வேண்டும். தோட்டாக்களை அடுக்கி வைக்கும் குழாய் மேகசினில் அவை ஒன்றின் பின்னால் ஒன்று நிற்பதால், கூர்முனைக் குண்டு முன்னால் இருப்பதன் பிரைமரைக் குத்தி வெடிக்க வைக்கலாம். தட்டை முனைதான் போட வேண்டும், அல்லது இதற்கென்றே செய்த மென்முனைக் குண்டு. வின்செஸ்டரின் இன்னும் பழைய மாடல் 1873 போன்றவற்றின் பூட்டு அமைப்பு பலவீனமானது. பின்னால் வந்த வலுவான மாடல் 1892-க்கென்று செய்த வேகத் தோட்டாவை அதில் போட்டால் ஆபத்து.

இடைவெளியைச் சோதிக்கவும், காலிக் கூட்டைப் பிடித்து இழுக்கும் தேய்ந்துபோன எக்ஸ்ட்ராக்டரை மாற்றவும் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மேல்பூச்சைத் தொட வேண்டாம் என்று வாயால் சொன்னேன், அவரும் தலையாட்டினார். ‘அடுத்த வாரம்’ என்று சொல்லிச் சொல்லியே மாதங்கள் ஓடின. போன் எடுக்கமாட்டார், கடைக்குப் போனால் உதிரிப்பாகம் வரவில்லை என்பார். கடைசியில் கைக்கு வந்தபோது ரிசீவர் கண்ணாடி மாதிரி மின்னியது. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து பஃப் போட்டுக் குளிர்ந்த ரசாயனக் கறுப்பு தடவியிருந்தார். நூற்றிருபது வருஷத்துத் தேய்மானம், சேணப்பையில் உரசி வெளுத்த அந்த இரண்டு பக்கங்கள் எல்லாம் ஒரு மதியத்தில் போய்விட்டன. கார் நிறுத்துமிடத்திலேயே உட்கார்ந்து அழுகை வந்தது. பில் 640 டாலர்.

அடியில் திருப்பிப் பார்த்தபோது கை நடுங்கியது. வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் ஆழமிழந்து மங்கியிருந்தன. வரிசை எண்ணை அழித்த துப்பாக்கியை வைத்திருப்பது கூட்டாட்சிக் குற்றம், ஐந்து வருஷம் வரை சிறை. என் ரைபிளில் எண் இன்னும் படிக்கும்படி இருந்தது என்பதுதான் ஆறுதல். வாங்கியபோது எடுத்த படம், கோடி நகரத்திலிருந்து வந்த கடிதம், மெக்கானிக்கின் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகுதான் மூச்சு வந்தது. யாரிடம் கொடுத்தாலும் என்னென்ன செய்ய வேண்டும், எதைத் தொடக் கூடாது, எத்தனை டாலருக்கு மேல் போனால் கேட்க வேண்டும், எந்தத் தேதிக்குள் தர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கொடுப்பதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். ‘வரிசை எண் உள்ள பகுதியில் மெருகேற்றக் கூடாது’ என்று தனி வரியாகவே எழுதுங்கள்.

அதன் பிறகுதான் சுடும் சங்கத்தில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். எண்ணெய்க் கிணற்றுக் கருவிகள் செய்யும் ஆலையில் லேத் ஓட்டி ஓய்வுபெற்றவர். என் ரைபிளை வாங்கிப் பார்த்து நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார், சீர்செய்வது என்றால் முக்கால்வாசி கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் என்று. நான் இன்றைக்குச் செய்வதெல்லாம் அவரிடம் கற்றது. ஸ்க்ரூ டிரைவரில் அவர் தொடங்கினார். கடையில் கிடைக்கும் சாதாரண டிரைவரின் முனை ஆப்பு மாதிரிச் சரிந்திருக்கும், பழைய ஸ்க்ரூவின் மெல்லிய வெட்டிலிருந்து வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். இரண்டு பக்கமும் இணையாகக் கடைந்த முனை வேண்டும், ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அகலமும் கனமும் பார்த்து. இறுகிப்போனதை ஊடுருவும் எண்ணெயில் ஊறவிட்டு, மறுநாள் கொஞ்சம் சூடு காட்டி, மெல்லத் தட்டி, அப்புறம்தான் திருப்புவார். ரிசீவரின் வாலைக் கட்டையோடு பிணைக்கும் ஒரு டேங் ஸ்க்ரூவுக்கு ஒரு வாரம் காத்திருந்தோம். வெளியே வந்தபோது மரைகளில் நூறு வருஷத்து எண்ணெய் தார் மாதிரி ஒட்டியிருந்தது, ஆனால் தலையில் ஒரு கீறல் இல்லை.

துருவைச் சுரண்டவே கூடாது என்பது அடுத்த பாடம். துருப்பிடித்த பாகத்தைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க விட்டால் சிவப்புத் துரு கறுப்பு ஆக்சைடாக மாறும். பிசுக்கு நீக்கிய மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் மெதுவாகத் துடைத்தால், அடியில் மிச்சமிருக்கும் பழைய பூச்சு அப்படியே தப்பிக்கும். கட்டையில் பள்ளம் விழுந்திருந்தால் ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் ஆவி காட்டினால் மர நார் எழும்பி மேலே வந்துவிடும், உப்புத்தாளே வேண்டாம். ரிசீவரை ஒட்டிய மரம் எண்ணெய் குடித்துக் கறுத்து மெத்தென்று ஆகியிருக்கும். அதைச் சுண்ணப்பொடியும் அசிட்டோனும் குழைத்துத் தடவி உறிஞ்ச வைக்கலாம். கடைசியில் ஆளிவிதை எண்ணெய், அரிசி அளவுக்கு எடுத்து உள்ளங்கைச் சூட்டில் தேய்க்க வேண்டும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காய வைத்துத்தான் போட வேண்டும்.

மெக்கானிக் கெடுத்த ரிசீவரை அப்படியே விட மனம் வரவில்லை. அதற்கு மதிப்பு ஏற்கெனவே போய்விட்டதால், பெரியவரும் சரி என்றார். மெதுவாகத் துருப்பிடிக்க வைத்துக் கறுப்பாக்கும் பழைய முறையில் செய்தோம். பிசுக்கே இல்லாமல் கழுவி, கரைசலை ஒரே ஒரு மெல்லிய இழையாகத் தடவி, சில மணி நேரம் துருப்பிடிக்க விட்டு, காய்ச்சி வடித்த நீரில் கொதிக்க வைத்து, இரும்புப் பஞ்சால் துடைத்து, மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு சுற்றிலும் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகும். குளிர்ப்பிரதேசத்தில் இதற்கு ஈரப்பெட்டி செய்வார்கள். ஹூஸ்டன் கோடையில் கார் ஷெட்டே போதும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புப் புள்ளி விழும். விரல்ரேகை பட்டால் அது அப்படியே நின்றுவிடும், கையுறை போட வேண்டும். வரிசை எண் இருந்த பட்டையில் இரும்புப் பஞ்சைக்கூட நாங்கள் அழுத்தவில்லை.

இதே ஈரம் பாதுகாக்கும்போது எதிரி. தோல் உறையில் வைத்துப் பூட்டினால் தோல் ஈரத்தைப் பிடித்துவைத்து ஒரு மழைக்காலத்தில் குழலைத் துருப்பிடிக்க வைத்துவிடும். இரும்புப் பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சாதனம் வைத்து, அவ்வப்போது எடுத்து எண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் பெட்டிக்குப் பூட்டு கட்டாயம். டெக்சஸில் சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக விட்டு, அது பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளையின் கைக்குப் போனால் குற்றம், சட்டம் இல்லாவிட்டாலும் பூட்டத்தான் வேண்டும். வீட்டுக் காப்பீட்டில் துப்பாக்கித் திருட்டுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். இரண்டு மூன்று ரைபிள் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும், தனியாகச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

வாங்கியதும் வரவழைத்ததும் பெயர் மாற்றியதும் 1,945 டாலர், மெக்கானிக்குக்கு 640. மொத்தம் 2,585. அந்த ரைபிளுக்கு இன்றைக்கு யாராவது தொள்ளாயிரம் கொடுத்தால் அதிகம். விற்கும் எண்ணம் எனக்கு இல்லை. குழல் மாற்றியதாக இருந்தாலும் உட்புறம் சுத்தமாக இருக்கிறது, ஐம்பது கஜத்தில் குண்டுகள் ஒன்றை ஒட்டி ஒன்று விழுகின்றன.

முதல் ரைபிளாக எதை எடுக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1964-க்கு முன் செய்த வின்செஸ்டர் 94 (இதே மாடல் 1894-தான்), அல்லது மார்லின் என்ற இன்னொரு நிறுவனத்திலிருந்து 1948 முதல் வந்த லீவர் ரைபிளான மார்லின் 336. இரண்டும் 30-30-இல் நிறைய உண்டு, தோட்டா எல்லா ஊரிலும் கிடைக்கும், ஏமாற்றும் அளவுக்கு விலை இல்லை. 1964-இல் வின்செஸ்டர் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்குப் பின் பல வருஷம் வந்த ரிசீவர்களின் உலோகம் வழக்கமான கறுப்பை ஏற்காது, மேல்பூச்சு போனால் செம்பழுப்பாகிவிடும். சுட மட்டும் என்றால் பரவாயில்லை, சீர்செய்து பழக அது வேண்டாம். நான் இப்போது சாவேஜ் 99 என்ற வேறொரு நிறுவனத்தின் லீவர் ரைபிள் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். குழாய் மேகசினுக்குப் பதில் சுழலும் மேகசின் உள்ளது, அதனால் கூர்முனைக் குண்டும் போடலாம். 303 சாவேஜ் காலிபரில் அழகான பழைய ரைபிள்கள் மலிவாக வரும், ஆனால் அந்தத் தோட்டாவைத் தேடி அலைய வேண்டியிருக்கும் என்பதால் 300 சாவேஜில்தான் பார்க்கிறேன். போன வாரம் ஒன்று கண்ணில் பட்டது. ஸ்க்ரூ தலைகளின் படம் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.